பீரங்கிக் குண்டும் பழைய தோட்டாவும்: வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

நான் முதன்முதலாக வாங்கிய பீரங்கிக் குண்டு பீரங்கிக் குண்டே இல்லை.

பணி ஓய்வு பெற்ற வருடம். திருச்சியில் ஒரு காயலான் கடையில் துருப்பிடித்த இரும்பு உருண்டை ஒன்று கிடந்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே, "பொன்மலைச் சண்டையில போட்ட குண்டு சார்" என்றார். பொன்மலையில் 1753 ஜூன் 26 அன்று ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை நடந்தது உண்மைதான். அதனால் பேரம் பேசாமல் வாங்கி, துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். விட்டம் 10.2 சென்டிமீட்டர். ஒன்பது பவுண்டு எடைக் குண்டைச் சுடும் பீரங்கிக்குக் கச்சிதம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவாரம் அக்கா மகன் வந்தான். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். உருண்டையை ஒரு கையால் தூக்கிக் கழுத்தோரம் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஷாட்புட். நாலு கிலோ, பெண்கள் பிரிவு" என்றான். தராசில் வைத்தோம். சரியாக 4.000 கிலோ. முப்பது வருடத்துக்கு மேல் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வெர்னியரோடு காலம் தள்ளியவன் நான். கும்பினிக்காரன், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன், கிலோக் கணக்கில் குண்டு வார்த்திருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விட்டத்தை அளந்தேன், எடையைப் பார்க்கவில்லை. கதையைக் கேட்டதும் கை தானாகப் பர்ஸுக்குப் போய்விட்டது.

அந்த உருண்டையின் பக்கவாட்டில் ஈயம் அடைத்த சின்னத் துளை ஒன்று இருந்தது. எடையைச் சரிக்கட்ட அடைத்த ஈயம் அது. நான் அதைப் போரில் பட்ட காயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நிஜமாகவே வெடிக்கிற குண்டின் திரித் துளையாக இருந்திருந்தால், ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு நடுவே வெடிமருந்தை மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. அதனால் அடையாளம் காண்பதை அந்தத் துளையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கண், அப்புறம்தான் கை. இரும்பு உருண்டை எதைப் பார்த்தாலும் தொடாமல் சுற்றிவந்து பாருங்கள். வட்டத் துளை, மரையோடு கூடிய வாய், மரத்தக்கை, பித்தளை மூடி, ஈய அடைப்பு, இவற்றில் ஏதாவது தெரிந்தால் அது உள்ளே கூடுள்ள குண்டாக இருக்கலாம். பழைய பீரங்கிகள் இரண்டு வகைக் குண்டுகளைச் சுட்டன. ஒன்று முழு இரும்பு. சுவரை உடைக்கவும் வரிசையாக நிற்கும் படையைக் கிழிக்கவும் அது போதும். மற்றது கூடுள்ளது. உள்ளே கருமருந்து, வாயில் மெதுவாக எரியும் திரி. ஹென்றி ஷ்ராப்னெல் 1784-ல் செய்து காட்டி, பிரிட்டிஷ் படை 1803-ல் ஏற்றுக்கொண்ட வகையில் மருந்தோடு சிறு ஈயக் குண்டுகளும் இருக்கும்.

கருமருந்து கெட்டுப்போகாது. நனைந்தால் எரியாது, காய்ந்தால் மறுபடி எரியும். இருநூறு வருடம் மண்ணுக்குள் கிடந்ததெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க் குண்டுகளைச் சுத்தம் செய்வதில் பல வருடப் பழக்கமுள்ள ஒரு சேகரிப்பாளர் தம் வீட்டு வாசலில் ஒரு குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்துபோனார். இரும்பின் மேல் கிரைண்டரோ டிரில்லோ பட்டால் சூடும் பொறியும் வரும், உள்ளே இருப்பதற்கு அது போதும். எங்கள் தொழிலில் இரும்பின் ரகம் பார்க்கக் கிரைண்டரில் வைத்துப் பொறியைப் பார்ப்பது சாதாரணம். குண்டு விஷயத்தில் அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டேன். நீங்களும் துளை போடாதீர்கள், சுடவைக்காதீர்கள், தக்கையை நெம்பாதீர்கள், உள்ளே தண்ணீர் ஊற்றிச் "செயலிழக்க" வைக்கவும் பார்க்காதீர்கள்.

உருண்டையாக இல்லாமல் நீளமாக, கூம்புத் தலையோடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அது 1850-களின் கடைசியிலிருந்து வந்த, குழாய்க்குள்ளே வரி வெட்டிய பீரங்கியின் ஷெல். உடம்பில் வரிசையாக உலோகக் குமிழ்களோ அடியில் செப்பு வளையமோ இருக்கும். தலையில் பித்தளைத் திரியமைப்பு இருந்தால் எட்டத்தில் நின்று, ஆட்களை விலக்கி, 112-க்குப் போன் செய்யுங்கள். வெடிகுண்டுப் பிரிவு வந்து பார்க்கட்டும். ராணுவச் சுடுதளத்துப் பக்கம் பொறுக்கியது என்று யாராவது கொண்டுவந்தால் பழமை, புதுமை என்றெல்லாம் விசாரிக்காமல் அதையே செய்யுங்கள்.

சரி, துளையே இல்லை, உருண்டை முழுசாகத்தான் இருக்கிறது என்று வையுங்கள். துரு மூடி அடைபட்ட துளையும் உண்டு என்பதால், பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் பார்த்த பிறகே தராசுக்குப் போக வேண்டும்.

வேண்டியது மூன்று சாமான்: வாய் அகலமான காலிப்பர், பத்துக் கிலோவுக்கு மேல் தாங்கும் மின் தராசு, ஒரு நோட்டு. விட்டத்தை ஒரு இடத்தில் மட்டும் அளக்காதீர்கள். குறைந்தது ஐந்து திசையில் அளந்து, துருப்பொருக்கு தடித்த இடத்தை ஒதுக்கிவிட்டுச் சராசரி எடுங்கள். அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. விட்டத்தைச் சென்டிமீட்டரில் எழுதி, அதை அதாலேயே இரண்டு முறை பெருக்கி, வருவதை 3.77-ஆல் பெருக்கினால், முழு வார்ப்பிரும்பு உருண்டையின் எடை கிராமில் கிடைக்கும். 9 சென்டிமீட்டர் என்றால் 729, அதை 3.77-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,750 கிராம்.

தராசு காட்டுவது இந்தக் கணக்கை ஒட்டி வந்தால் முழு இரும்பு. மிகவும் குறைந்தால், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தால், உள்ளே கூடு இருக்கலாம். துளை கண்ணில் படாவிட்டாலும் மெதுவாகக் கீழே வைத்துவிட்டு முன்பு சொன்ன எண்ணுக்கே போன் செய்யுங்கள். கடலிலிருந்து எடுத்த குண்டும் எடை குறைந்துதான் இருக்கும். உப்புநீர் வார்ப்பிரும்பில் இரும்பை அரித்து எடுத்துக்கொண்டு கிராஃபைட்டை விட்டுவைக்கும். பார்க்க முழு உருண்டை, கத்தியால் கீறினால் பென்சில் மாதிரி வரும். அப்படிப்பட்டது நீரிலிருந்து வெளியே வந்ததும் காற்றுப் பட்டுத் தானாகச் சூடாவதும் உண்டு. ஆனால் எடை குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவுகட்டக் கூடாது.

எடை பொருந்தினால் எந்தப் பீரங்கி என்று பார்க்கலாம். அந்தக் காலத்தில் பீரங்கியின் பெயரே அது சுடும் குண்டின் எடைதான். ஆங்கில பவுண்டு 453.6 கிராம். ஆக 3 பவுண்டுக் குண்டு 1.36 கிலோ, விட்டம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். 6 பவுண்டு 2.72 கிலோ, 9 சென்டிமீட்டர். 9 பவுண்டு 4.08 கிலோ, 10.2. 12 பவுண்டு 5.44 கிலோ, 11.2. 18 பவுண்டு 8.16 கிலோ, 12.8. 24 பவுண்டு 10.89 கிலோ, 14.1. திறந்தவெளிச் சண்டையில் பெரும்பாலும் சிறியவைதான் போகும். 18-ம் 24-ம் கோட்டையை உடைக்க. இந்த அளவெல்லாம் குண்டினுடையது, குழாய்வாயினுடையது இல்லை. குழாய் கொஞ்சம் பெரிதாக இருக்கும், இல்லாவிட்டால் குண்டு உள்ளே இறங்காது. அருங்காட்சியகத்தில் பீரங்கி வாயை அளந்து வந்து குண்டோடு பொருத்திப் பார்த்துக் குழம்பிப்போனவர்கள் உண்டு.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு சிக்கல், பிரெஞ்சுக்காரன். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் இரண்டு பேரும்தான் சுட்டுக்கொண்டார்கள். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி விழும்வரை தமிழ்நாடு முழுக்க இரண்டு பேர் குண்டும் சிதறியிருக்கிறது. பிரெஞ்சுக்காரனின் பவுண்டான லிவ்ர் 489.5 கிராம். அவர்களுடைய 4 என்றால் 1.96 கிலோ, 8 என்றால் 3.92, 12 என்றால் 5.87, 24 என்றால் 11.75. ஆங்கிலேயனின் 9-க்கும் பிரெஞ்சுக்காரனின் 8-க்கும் வித்தியாசம் 160 கிராம்தான். அதைத் துருவே தின்றுவிடும். ஆகவே நாலு கிலோவை ஒட்டிய குண்டை யார் கொண்டுவந்தாலும் நான் நாடு சொல்வதில்லை. 12-ல் வித்தியாசம் 430 கிராம், அங்கே கொஞ்சம் தைரியமாகப் பேசலாம். உதிர்ந்துபோன துரு எடையைக் குறைக்கும், ஒட்டியிருக்கும் துரு கூட்டினாலும் சொற்பம்தான். அளவுப்படி வரவேண்டிய எடைக்குக் கீழே இருந்தால் சமாதானம் சொல்லலாம். நன்றாக மேலே இருந்தால் நம் ஊகம் தப்பு.

மேற்பரப்பும் பேசும். வார்ப்புக் குண்டு இரண்டு அரைக்கோள அச்சில் வார்த்தது. நடுவில் மெல்லிய பிரிகோடும், உலோகம் ஊற்றிய இடத்தில் காசு அளவுக்குத் தட்டையான வடுவும் தெரியும். நாட்டுக் கொல்லர்கள் தேனிரும்பை அடித்து உருட்டிய குண்டுகளும் உண்டு. அவற்றில் பிரிகோடு இருக்காது. விரலை ஓட்டினால் சுத்தியல் பட்ட பட்டைகள் தெரியும், உருண்டையும் கொஞ்சம் கோணலாக இருக்கும். இரும்பை அடித்து ஒட்டவைப்பதில் நம் ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூர் பீரங்கி மேட்டுக்குப் போய் வாருங்கள். அங்கே இருக்கும் ராஜகோபால பீரங்கி வார்த்தது இல்லை, பட்டையும் வளையமுமாக அடித்துச் சேர்த்தது. கருங்கல் குண்டுகளும் கிடைக்கும். ஆனால் அவற்றுக்கும் பழைய எடைக்கல்லுக்கும் வித்தியாசம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஏமாற்றுவதில் முதலிடம் ஷாட்புட்டுக்கு இல்லை, சிமென்ட் ஆலை உருண்டைக்கு. அங்கே அரைவை உருளைக்குள் கற்களை அரைக்கப் போடும் எஃகு உருண்டைகள் தேய்ந்ததும் பழைய இரும்புக்கு வந்துவிடும். நாலைந்து மாதம் ஈரமண்ணில் புதைத்து எடுத்தால் பார்க்க முந்நூறு வருடம் ஆகியிருக்கும். பிரிகோடு இருக்காது, ஊற்றிய வடு இருக்காது, அளவும் பெரும்பாலும் பீரங்கிக் கணக்கில் உட்காராது. ஒரே கடையில் ஒரே அளவில் பத்து உருண்டை இருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

ஈயக் குண்டு கையடக்கமானது, விலையும் குறைவு, ஆரம்பிப்பவர்களுக்கு நல்லது. கும்பினிச் சிப்பாயின் பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குண்டு ஏறக்குறைய 17.5 மில்லிமீட்டர், 32 கிராம். பிரெஞ்சுச் சிப்பாயின் துப்பாக்கிக் குண்டு 16 மில்லிமீட்டரை ஒட்டி, 25 கிராம். சமையலறைத் தராசே போதும். வெள்ளை அல்லது மங்கிய பழுப்புத் தோல் படிந்திருந்தால் நல்ல அறிகுறி, பளபளவென்று இருந்தால் நேற்று உருக்கி ஊற்றியது. ஒரு பக்கம் சப்பையானது எதன்மீதோ பட்டது. முழு உருண்டையாக இருப்பது யாரோ அவசரத்தில் கீழே தவறவிட்டது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அந்த வெள்ளைத் தூள் விஷம். தொட்டால் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் வைத்தால் அவற்றிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். பிளாஸ்டிக் ஜிப் பை நல்லது.

உருண்டை போய்க் கூம்பு வடிவம் வந்தால் காலம் 1850-கள். 1853 மாடல் என்ஃபீல்டின் குண்டு அடியில் குழிவாக இருக்கும். 1857-ல் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா என்று கலவரம் கிளம்பியது இந்தத் துப்பாக்கியை வைத்துத்தான்.

அதற்குப் பிறகு பித்தளைத் தோட்டாக்கள். 1871-ல் வந்த மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் ஆரம்பக் காலத் தோட்டா, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி இரும்பு அடியில் பொருத்தியது. பார்த்தால் யாரோ கையால் செய்த பொம்மை மாதிரி இருக்கும். அடி விளிம்பு 19 மில்லிமீட்டர். 1880-களின் கடைசியில் வந்த .303 தோட்டா ஒல்லி, விளிம்பு 13.7 மில்லிமீட்டர். இதன் அடியில் வட்டமாக எழுத்துகள் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். ஆர், எல் எழுத்துகளுக்கு நடுவே அம்பு இருந்தால் இங்கிலாந்தின் வூல்விச். கே.எஃப். என்றால் புனேவுக்குப் பக்கத்து கிர்கி ஆலை, கூடவே இரண்டு இலக்கத்தில் வருடம். அந்த வருடத்தைப் பார்க்காமல் "வெள்ளைக்காரன் காலம்" என்று வாங்கிவிடாதீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் கிர்கியில் அதே எழுத்துகளோடு தோட்டா செய்தார்கள். 62 என்று இருந்தால் அது நேரு காலத்துத் தோட்டா.

தலையில் குண்டு இருக்கும் தோட்டா உயிருள்ள தோட்டா. அடியில் ஊசி குத்திய பள்ளம் இருந்தாலும் குண்டு போகவில்லை என்றால், சுட்டும் வெடிக்காமல் நின்றது என்று அர்த்தம். அது இன்னும் மோசம். நூறு வருடப் பழசானாலும் சட்டத்தின் முன் அது தோட்டாதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் வரும். தாத்தா பெட்டியில் கிடைத்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லி எழுத்தில் ஒப்படையுங்கள். காலித் தோட்டாவானாலும் வாங்கிய ரசீதைக் கூடவே வையுங்கள். அதைப் பையில் மறந்துபோய் விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.

மற்ற சட்டங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்ணிலிருந்து கிடைத்தால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை, மேடு எதிலும் மண்வெட்டி போடக் கூடாது. நூறு வருடம் தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. நான் தோண்டுவதே இல்லை. தோண்டி எடுத்த குண்டு எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் மிச்சம் வெறும் இரும்பு. கர்நாடகத்தின் நகராவில் 2018-ல் ஒரு பாழுங்கிணற்றில் திப்பு சுல்தான் காலத்து மைசூர் ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. தொல்லியல் துறை எடுத்ததால்தான் அவை ஒரே குவியலாக அங்கே இருந்த செய்தி நமக்குத் தெரிகிறது. ஆளுக்கொன்றாக அள்ளியிருந்தால் ஆயிரம் துருக்குழாய்.

விற்பவர் சொல்லும் கதையையும் நோட்டில் எழுதுங்கள், ஆனால் தனிப் பக்கத்தில். எனக்கு இதுவரை மூன்று கட்டபொம்மன் குண்டும் ஐந்து எம்டன் துண்டும் வந்திருக்கின்றன. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு, பீரங்கி 10.5 சென்டிமீட்டர். அன்று விழுந்தவை நூற்றுச்சொச்சம் குண்டுகள். சென்னையில் விற்றுத் தீர்ந்த எம்டன் துண்டுகளைச் சேர்த்தால் கப்பலே கட்டலாம். விற்பவர்கள்தான் சரியான எம்டன்கள்.

சுத்தம் செய்வது பற்றி. என் வீட்டில் நடந்ததைச் சொன்னாலே போதும். நல்ல பழுப்பேறிய மார்ட்டினி காலித் தோட்டா ஒன்றை ஜன்னலில் வைத்திருந்தேன். பொங்கலுக்குப் பாத்திரம் தேய்த்தபோது வீட்டுக்காரி அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். தங்கம் மாதிரி மின்னியது. சுருள் தகடு பிரிந்து, இரும்பு அடி தனியாகக் கையில் வந்தது. பித்தளைக்கு மெல்லிய துணி போதும், புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம். முழு இரும்பு என்று உறுதியான குண்டுக்கு மட்டும்: நைலான் பிரஷால் தளர்ந்த துருவைத் தட்டி, காய்ச்சி வடித்த நீரைப் பல நாள் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை வெளியே எடுத்து, நன்றாகக் காயவைத்து, கடுக்காய்க் கஷாயத்தைப் பூசுவேன். அருங்காட்சியகங்களில் டானிக் அமிலம் பூசுவார்கள், கடுக்காயில் இருப்பதும் அந்த வகைத் துவர்ப்புதான். துரு கறுத்து இறுகும். மேலே மெல்லியதாக மெழுகு. தேங்காய் எண்ணெய் தடவினால் பிசுக்குப் பிடித்துத் தூசிதான் சேரும்.

போன ஆடியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரேழிக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த உருண்டையைப் பார்க்கச் சொன்னார் வீட்டு மாமி. துளை இல்லை, பிரிகோடு இருக்கிறது, ஊற்றிய வடு இருக்கிறது. விட்டம் 11.5, எடை 5.61 கிலோ. ஆங்கிலேயனின் 12-ஐவிட 170 கிராம் அதிகம், ஆகவே அது இல்லை. பிரெஞ்சு 12-ஐவிட 260 கிராம் குறைவு, அதைத் துருவின் கணக்கில் எழுதலாம். 1750-களில் பிரெஞ்சுப் படை முகாமிட்ட தீவுதான் ஸ்ரீரங்கம். நோட்டில் "பிரெஞ்சு 12" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். விலை கேட்கலாமா என்று வாயைத் திறப்பதற்குள் மாமி, "எடை பார்த்தாச்சோன்னோ? இருந்த எடத்துலயே வெச்சுடுங்கோ. ஆடிக் காத்துல கதவு அடிச்சுண்டே இருக்கும்" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன்.